பழைய என்லார்ஜர் வாங்கப் போகிறீர்களா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் பிலிம் கேமராவைத் திரும்பக் கையில் எடுத்திருக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உடம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லென்ஸை மாற்றலாம், பல்பை மாற்றலாம், வயரை மாற்றலாம். கோணிப்போன தண்டை மாற்ற ஆள் கிடைக்காது.

என்லார்ஜர் என்ன வேலை செய்கிறது?

உச்சியில் விளக்கு, அதன் கீழே ஒளியைச் சீராக்கும் கண்ணாடி, அப்புறம் நெகட்டிவ், அதற்கும் கீழே லென்ஸ், அடிப்பலகையில் போட்டோ பேப்பர். அவ்வளவுதான். விளக்கும் லென்ஸும் சேர்ந்த மேல்பகுதிதான் தலை, அது நிமிர்ந்து நிற்கும் தண்டில் ஏறி இறங்கும். தலையை உயர்த்தினால் படம் பெரிதாகும், இறக்கினால் சிறிதாகும். ஒளி பட்ட பேப்பரை டெவலப்பரில் போட்டால் படம் எழும்பி வரும்.

நெகட்டிவை மொபைலிலேயே ஸ்கேன் பண்ணலாமே, இத்தனை பாடு எதற்கு?

பார்க்க மட்டும்தான் என்றால் ஸ்கேன் போதும். ஆனால் கறுப்பு வெள்ளை பிரிண்டில் படமாக நிற்பது வெள்ளி. ஹைப்போ (படத்தை நிலைக்க வைக்கும் பிக்ஸர் உப்பு) மிச்சமில்லாமல் நன்றாகக் கழுவிய பிரிண்ட் இரண்டு மூன்று தலைமுறைக்கு நிற்கும். உங்கள் தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் இன்னும் கூடத்துச் சுவரில் தெளிவாக இருப்பது அதனால்தான். நம் ஊர்களில் ட்ரங்குப் பெட்டியிலும் பரணிலும் நெகட்டிவ் உறைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவை பேப்பரில் ஏற வேண்டும் என்பது என் ஆசை. ஒரு என்லார்ஜர் ஒரு தெருவுக்கே போதும்.

எங்கே கிடைக்கும்?

பழைய ஸ்டுடியோக்கள்தான் முதல் இடம். எம்.சி. ரோடு, டி.எச். ரோடு, சந்துக்குள் இருக்கும் பாஸ்போர்ட் போட்டோ கடைகள் என்று எதிலும் ஏறி, கல்லாவில் பெரியவர் இருந்தால் “ஐயா, பழைய என்லார்ஜர் ஏதாவது பரண்மேல இருக்குங்களா?” என்று கேளுங்கள். டிஜிட்டல் வந்த பிறகு தூக்கி மேலே போட்டதை அப்படியே மறந்தவர்கள் உண்டு. விலை பேசுவதற்கு முன் அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த எந்திரத்தின் எந்தத் திருகு வழுக்கும், எந்தப் பக்கம் ஒளி கசியும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு வியாபாரிகளுக்காகக் கட்டிய அல்லிக்குளம் வளாகத்தின் பக்கம் எப்போதாவது ஒன்று தட்டுப்படலாம், நம்பிப் போக முடியாது. காயலான் கடைக்கு வந்து சேர்ந்தது என்றால் லென்ஸும் நெகட்டிவ் கேரியரும் (நெகட்டிவைப் பிடித்துக்கொள்ளும் சட்டம்) பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உடம்பு நன்றாக இருந்தால் உதிரிக்காக எடுத்துப் போடலாம்.

35 மி.மீ. போதுமா, 120 பிலிமுக்கும் ஆகிறது வேண்டுமா?

இடம் இருந்தால் 6×6 செ.மீ. நெகட்டிவ் வரை போகும் எந்திரமாகவே வாங்குங்கள். பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களில் பல, 35 மி.மீ.யைவிட அகலமான 120 பிலிம்தான். டர்ஸ்ட் எம்605, மியோப்டா ஓபீமஸ் இரண்டும் 6×6 வரை பிரிண்ட் போடும். டர்ஸ்ட் எம்305 35 மி.மீ.க்கு மட்டும், ஆனால் சின்ன வீட்டுக்கு அடக்கம். பெஸலர் 23சி 6×9 வரை போகும், ஆனால் ஆள் உயர அலமாரிக்கான இடத்தைக் கேட்கும். 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து 8×10 அங்குலப் படம் போட, 50 மி.மீ. லென்ஸில், நெகட்டிவுக்கும் பேப்பருக்கும் நடுவே 53 செ.மீ. வேண்டும். அதற்குமேல் விளக்குக் கூட்டின் உயரம். உங்கள் பரண், லாப்ட் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அளந்துவிட்டுப் போங்கள்.

நேரில் போகும்போது எதை எதைப் பார்ப்பது?

ஒரு டார்ச், ஒரு சின்ன ரசமட்டம், நல்ல நெகட்டிவ் ஒன்று, திருகு மாட்டல் உள்ள வெள்ளை பல்பு ஒன்று. இவை இல்லாமல் போகாதீர்கள். நம் வீட்டில் இருப்பது பின் வைத்த பல்பு, பெரும்பாலான என்லார்ஜர் ஹோல்டரில் அது ஏறாது.

தலையை நடு உயரத்தில் பூட்டிவிட்டு, விளக்குக் கூட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். லேசாக அசைந்து பழைய இடத்துக்கே வந்தால் சரி. தளதளவென்று ஆடி வேறு இடத்தில் நின்றால் விட்டுவிடுங்கள். அடுத்து தண்டின் மேல் நகத்தால் கீறிக்கொண்டே போங்கள். நம் பக்கத்துக் கடற்காற்று குரோம் பூச்சைத் துளைத்து உள்ளே துருவை ஏற்றும். மேலாகப் படிந்த துரு துடைத்தால் போய்விடும். நகம் தட்டித் தட்டி நின்றால் குழி விழுந்திருக்கிறது, தலை அங்கே வரும்போதெல்லாம் சிக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பயம் வேண்டாம், ஆனால் லென்ஸ் ஏறும் மரையில் பூத்திருந்தால் திருகிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

போகஸ் குமிழைத் திருகி விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். திரும்பிப் பார்க்கும்போது படம் மங்கியிருந்தால் போகஸ் தானாக இறங்குகிறது. பெரும்பாலும் ஒரு திருகை இறுக்கினால் சரியாகும், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

லென்ஸுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்திக்குள் டார்ச்சை வைத்து அறையை இருட்டாக்குங்கள். மடிப்புகளில் ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் கறுப்புத் துணி டேப்பில் அடைத்துவிடலாம். துருத்தி பொடிந்து உதிர்ந்தால் வேறு கதை.

கண்டென்சர் என்பது ஒளியைக் குவிக்கும் இரண்டு கனமான கண்ணாடி. விளிம்பில் சின்னச் சில்லு போயிருந்தால் பரவாயில்லை, நடுவில் கீறல் கூடாது. யாரோ கழற்றித் துடைத்துவிட்டுத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். உப்பிய பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நெகட்டிவ் கேரியர் இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், தடித்த கறுப்பு அட்டையில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

வயர் பழையது என்றால் அங்கே சொருகிப் பார்க்காதீர்கள். மிகப் பழைய எந்திரங்களில் விளக்குக் கூட்டுக்குள் துணி மாதிரி சுற்றியிருப்பது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைப் பிய்க்கவோ ஊதவோ வேண்டாம்.

லென்ஸ் எது நல்லது?

35 மி.மீ.க்கு 50 மி.மீ. லென்ஸ், 6×6-க்கு 75 அல்லது 80. நிக்கான் எல்-நிக்கோர், ஷ்னைடர் கோம்போனான்-எஸ், ரோடன்ஸ்டாக் ரோடகான் மூன்றில் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். 39 மி.மீ. மரை பொதுவானது, ஒரு எந்திரத்தின் லென்ஸ் இன்னொன்றில் ஏறிவிடும். விலை பேசும்போது லென்ஸ் தனி, எந்திரம் தனி என்று பிரித்துப் பேசுங்கள். சில சமயம் லென்ஸின் மதிப்பே மொத்த விலையைத் தாண்டும்.

லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது, வாங்கலாமா?

டார்ச்சைப் பின்பக்கமாக அடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் வளரும், சென்னையில் அது சாதாரணம். ஓரத்தோடு நின்றிருந்தால் பிரிண்டில் பெரிய வித்தியாசம் தெரியாது, விலை குறைவாக இருந்தால் எடுக்கலாம். நடு வரை பரவியிருந்தால் வேண்டாம், அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பூஞ்சை உள்ள லென்ஸை நல்ல லென்ஸோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

பல்பு, கரண்ட் விஷயம்?

அமெரிக்காவிலிருந்து வந்த எந்திரம் 120 வோல்ட்டுக்கு உள்ளது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் பல்பு வெடிக்கும், டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதுவும் கருகும். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள்.

பழைய 75 வாட் பால்நிற பல்பு கிடைக்காவிட்டால் பால்நிறக் கூடுள்ள எல்.இ.டி. பல்பு போடலாம். உச்சியில் எழுத்து அச்சடித்திருக்கக் கூடாது, ஒளி எல்லாப் பக்கமும் பரவ வேண்டும். அணைத்த பிறகும் சில பல்புகள் லேசாக மினுங்கும். இருட்டில் ஒரு நிமிடம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், மினுங்குவது பேப்பரை மூட்டம் போட்டுவிடும். மல்டிகிரேடு என்பது நிற பில்டரை மாற்றிக் கான்ட்ராஸ்டைக் (கறுப்பு வெள்ளை வேறுபாட்டை) கூட்டிக் குறைக்கும் பேப்பர். எல்.இ.டி.யில் அதன் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் மாறும், பில்டர் எண்ணை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரும்பு உடம்பு, ஈரக் கை, ஈரத் தரை மூன்றும் ஒரே அறையில் இருக்கின்றன. மூன்று பின் பிளக், எர்த் இணைப்பு, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் இ.எல்.சி.பி. இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

எப்படி வீட்டுக்குக் கொண்டு வருவது?

மீன்பாடி வண்டியிலோ குட்டி யானையிலோ வரலாம். லென்ஸும் கண்டென்சரும் மட்டும் துணியில் சுற்றி உங்கள் மடியில் வர வேண்டும். தலையைக் கழற்றும்போது கவனம்: பல எந்திரங்களில் தலையைத் தாங்க உள்ளே வில் இருக்கிறது. தலையை உச்சிக்கு ஏற்றிப் பூட்டிய பிறகே கழற்றுங்கள், இல்லையென்றால் வில் விடுபட்டுக் கையைக் கிழிக்கும்.

ஒற்றை அறை வீட்டில் இருட்டறை போட முடியுமா?

முடியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சமையலறையோ குளியலறையோ போதும். ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்சின், கதவிடுக்குக்குப் பழைய போர்வை. விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் தெருவிளக்கு எங்கே நுழைகிறது என்று தானாகத் தெரியும்.

பேப்பரைக் கெடுக்காத சிவப்பு வெளிச்சத்துக்கு ஜீரோ வாட் பல்பு போடுகிறவர்கள் சோதிக்காமல் போடக் கூடாது. அதன் பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளை கசியும். ஒரு துண்டு பேப்பர் மேல் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். வட்டம் தெரிந்தால் பல்பு ஆகாது.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை அதிர்வு. எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலை ஓரத்து வீடுகளில் கன்டெய்னர் லாரி போனால் தரை நடுங்கும், ரயில் பாதை ஓரமும் அப்படியே. பதினைந்து விநாடி ஒளி விழும்போது அது நடந்தால் படம் கலங்கும். அடிப்பலகைக்குக் கீழே கடப்பா கல் ஒன்று போடுங்கள், தண்டின் உச்சியைச் சுவரோடு ஒரு தகட்டால் பிணையுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். லாரி போகட்டும், பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

நேராக்குவது எப்படி?

முதலில் அடிப்பலகையில் ரசமட்டத்தை வைத்து, கீழே அட்டை செருகிச் சமமாக்குங்கள். பிறகு நெகட்டிவ் உட்காரும் தட்டு, அப்புறம் லென்ஸ் பலகை. மூன்றிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். படத்தின் நான்கு மூலையிலும் கிரெயின் (பிலிமின் பொடிப்பொடியான துகள்கள்) ஒரே கூர்மையாகத் தெரிந்தால் முடிந்தது.

பேப்பர், கெமிக்கல் எல்லாம் கிடைக்கிறதா?

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிய காலத்தில் ‘இந்து’ பேப்பர் எளிதாகக் கிடைத்தது. இப்போது இறக்குமதிப் பேப்பர்தான், இல்போர்டு மல்டிகிரேடு அதிகம் புழங்குகிறது. விலை கூடுதல், அதனால் முதலில் சின்ன அளவு ஆர்.சி. (பிளாஸ்டிக் பூச்சுள்ள) பேப்பரில் பழகுங்கள்.

டெவலப்பரை நீங்களே கலக்கலாம். பாரிமுனை, பார்க் டவுன் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் சாமான்களைக் கேட்டுப் பாருங்கள். டி-72 என்ற பழைய பார்முலா இது: 50 டிகிரி சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், மெட்டால் 3 கிராம், சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். சொன்ன வரிசையில், ஒன்று கரைந்த பிறகே அடுத்தது. கடைசியில் ஒரு லிட்டராக்குங்கள். உபயோகிக்கும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், கையுறையோ இடுக்கியோ கட்டாயம். இந்தச் சாமான்களுக்குச் சமையல் பாத்திரம், கரண்டி எதையும் எடுக்காதீர்கள்.

பிக்ஸருக்கு ஹைப்போ படிகம் 250 கிராம் ஒரு லிட்டரில். கரைக்கும்போது மக் சில்லென்று ஆகிவிடும், படிகம் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்வதால். முழுக்கக் கரைந்த பிறகு சோடியம் மெட்டாபைசல்பைட் 25 கிராம்.

தண்ணீரே 30 டிகிரி இருக்கிறதே?

பேப்பர் டெவலப்பருக்கு 20 டிகிரி என்று பெட்டியில் எழுதியிருக்கும். 24 வரை கவலை வேண்டாம். ட்ரேயைத் தண்ணீர் நிரம்பிய பெரிய டப்பில் உட்கார வைத்து, அந்த டப்பில் ஐஸ் வைத்த பாட்டிலைப் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் அது நீர்த்துப்போகும். சூட்டில் பேப்பரின் ஜெலட்டின் இளகும், நகம் பட்டாலே கீறல் விழும்.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவலாமா?

கெமிக்கல் கலக்கக் கூடாது, அதற்குக் கேன் தண்ணீர். ஆனால் கழுவும் முதல் பகுதிக்கு உப்புத் தண்ணீர் தாராளமாக ஆகும். ஹைப்போவை வெளியேற்றுவதில் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட வேகமானது, கடல் தண்ணீருக்கே இது பொருந்தும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் மெட்ரோ தண்ணீரில் இரண்டு மூன்று முறை மாற்றிக் கழுவி உப்பைப் போக்கிவிட வேண்டும், அது பேப்பரில் தங்கினால் படத்தைக் கெடுக்கும். ஆர்.சி. பேப்பருக்கு ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும். பிளாஸ்டிக் பூச்சில்லாத பைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் வீடு என்றால் ஆர்.சி.யே போடுங்கள்.

முதல் பிரிண்டை எப்படிப் போடுவது?

காசிமேட்டில் எடுத்த ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். காலை வெயில், படகின் பக்கவாட்டு, வலை பிரிக்கும் ஒருவர், பின்னால் வெறும் வெளுத்த வானம். நெகட்டிவின் மங்கலான பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். லென்ஸை முழுக்கத் திறந்து போகஸ் செய்து, பிறகு லென்ஸின் துளையை எஃப் 8 என்ற அளவுக்கு மூடுங்கள்.

ஒரு துண்டு பேப்பரை வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து 5, 10, 15, 20, 25 விநாடி கொடுங்கள். டெவலப்பரில் ஒன்றரை நிமிடம். படம் கறுக்கிறதே என்று பதறி முன்னாலேயே எடுக்காதீர்கள், அப்படி எடுத்த பிரிண்ட் சேறு மாதிரி கிடக்கும். பிறகு தண்ணீர் கலந்த வினிகரில் பத்து விநாடி, ஹைப்போவில் நான்கு நிமிடம். வெள்ளை விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

எந்தப் பட்டையில் சட்டையின் வெள்ளைக்குள் மடிப்பு தெரிகிறதோ, அதுவே உங்கள் நேரம். 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் படகின் கறுப்பு சாம்பலாக இருந்தால் பில்டரை 2-லிருந்து 3-க்கு ஏற்றுங்கள். 4-க்கும் 5-க்கும் போனால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

இப்போது முழுப் பேப்பர். தலைப்பாகை நிழலில் அவர் முகம் இருண்டிருக்கிறது. கம்பி நுனியில் ஒட்டிய காசளவு அட்டையை, 15-ல் ஒரு மூன்று விநாடி, முகத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே பிடியுங்கள். ஆட்டாவிட்டால் வளையம் விழும். அப்புறம் வானம்: படகின் விளிம்பு வடிவத்துக்கு வெட்டிய அட்டையால் கீழ்ப்பகுதியை மறைத்து, வானத்துக்கு மட்டும் இன்னொரு 15 விநாடி. வெறும் பேப்பராக இருந்த இடத்தில் மெல்லிய மேகம் இறங்கி வருவதை ட்ரேயில் பார்ப்பீர்கள். இதைக் கையால் செய்வதுதான் என்லார்ஜரின் முழு இன்பமும்.

ஸ்டுடியோ நெகட்டிவில் பென்சில் கோடு இருக்கிறதே, துடைக்கலாமா?

தொடாதீர்கள். முகச் சுருக்கம், பரு எல்லாவற்றையும் நெகட்டிவ் மேலேயே கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்திருப்பார்கள். அது அந்தக் கலைஞரின் வேலை. கழுவினால் போய்விடும், திரும்ப வராது. தூசியை மட்டும் ஊதிவிட்டு அப்படியே பிரிண்ட் போடுங்கள்.

கலர் பிரிண்ட்?

இந்தச் சூட்டிலும் இந்தத் தண்ணீரிலும் வீட்டில் வேண்டாம். முழு இருட்டும் இம்மி பிசகாத வெப்பமும் கேட்கும்.

பழைய ஹைப்போவை எங்கே கொட்டுவது?

செடிக்கும் கிணற்றுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் கூடாது, அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. கேனில் சேர்த்து வையுங்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடங்களிலிருந்து பழைய பிக்ஸரை வெள்ளிக்காக வாங்கிப் போகிறவர்கள் உண்டு, அவர்களிடம் கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் எப்படிக் காப்பது?

லென்ஸைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை இதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். தண்டை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். எந்திரத்தைப் பிளாஸ்டிக் கவரால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி போதும். லென்ஸ் இருந்த ஓட்டையை மூடியால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கரப்பான்பூச்சி உள்ளே ஏறித் துருத்தியின் தோலையும் பசையையும் அரித்துவிடும்.